பத்தடி அகலத்தில் ஒரு வீடு

திருத்தங்கலில் நாங்கள் வாங்கிய மனையை முதன்முதலில் பார்க்கப் போனபோது என் மாமனார் நடுவில் நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினார். "கொஞ்சம் வளந்தவன் நின்னா ரெண்டு சுவத்தையும் தொட்டுருவான் போலயே" என்றார். உண்மையில் யாராலும் தொட முடியாது; அகலம் பத்தடி. ஆனாலும் அவர் சொன்னதில் பெரிய தப்பில்லை. ஒரு பக்கம் என் கணவர் வேலை பார்த்த அச்சகத்தின் நெடுஞ்சுவர். மறுபக்கம் பேப்பர் வியாபாரம் செய்யும் பாய் வீட்டுச் சுவர். இரண்டுக்கும் நடுவே, முன்பு பேப்பர் லோடு ஏற்றிய மாட்டு வண்டிகள் போய்வந்த சந்து அது. வண்டிகள் போய் லாரிகள் வந்தன. லாரி நுழையாத சந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அச்சகத்து முதலாளி அதைத் தன்னுடைய மிஷின் ஆபரேட்டருக்கே விலைக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஆபரேட்டர்தான் என் கணவர்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆரம்ப வருடங்கள் அவை. வெளியூர்க்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய மட்டும் பொட்டலாகத்தானே கிடக்கிறது, உங்களுக்கா வீடு கட்ட இடமில்லை என்பார்கள். பொட்டல் கிடக்கத்தான் செய்கிறது. ஆனால் பட்டாசுக் கம்பெனி என்றால் ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே வெற்றிடம் வேண்டும். கடைசி அறைக்கும் வேலிக்கும் நடுவே அதைவிடப் பெரிய வெற்றிடம் வேண்டும். காலியாகக் கிடப்பதுதான் அந்த நிலத்தின் வேலை. அங்கே யாரும் குடியிருக்க முடியாது. பஸ் நிற்கிற, குழாயில் தண்ணீர் வருகிற, பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிற இடத்தில் எல்லாருக்கும் வீடு வேண்டும். அந்த இடத்தையெல்லாம் அச்சகங்களும் குடோன்களும் ஏற்கனவே பிடித்துக்கொண்டன. மிச்சம் கிடைப்பது சந்துகள்தான்.

நான் சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, சிவகாசியில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் பிளான் வரைந்துகொண்டிருந்தேன். அடுத்தவர் வீட்டுக்கு ஹால் எங்கே, அடுப்படி எங்கே என்று அன்றாடம் கோடு போடுகிறவள். கல்யாணமாகி வந்தபோது நாங்கள் நாலு பேரும் ஒரு வாடகை வீட்டின் ஒற்றை அறையில் இருந்தோம். மாமா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அத்தை, அதாவது என் மாமியார், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய்வந்தார். அவர்களுடைய பெற்றோர் காலம் வரைக்கும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை. சொந்தப் பெயரில் ஒரு பத்தடி இடம் கிடைப்பது அந்தக் குடும்பத்துக்கு அதுதான் முதல் தடவை. அதை வரையப்போவது நான். சந்தோஷத்தில் எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

பத்தடி இடத்தை வெறுமனே மூன்று மாடியாக அடுக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டு ஒரு பக்கத்தைத் தின்றுவிடும். நடந்துபோக ஒரு வழி விட்டால் மீதியும் போய்விடும். மிஞ்சுவது ரயில் பெட்டி. நான் வேறு மாதிரி யோசித்தேன். படிக்கட்டை வீட்டின் நடுவில் வைத்தேன். முன்பக்க அறைகள் ஒரு மட்டத்திலும் பின்பக்க அறைகள் அதிலிருந்து அரை மாடி உயரத்திலும் வரும்படி போட்டேன். தெருவிலிருந்து நுழைந்தால் முன்னறை. ஏழெட்டுப் படி ஏறினால் பின்பக்கம் அடுப்படி. திரும்பி அதே அளவு ஏறினால் அடுப்படிக்கும் மேலே முன்பக்கம் ஒரு அறை. இப்படியே மாறி மாறிப் போய் முடிவில் பின்பக்கம் மொட்டை மாடி. படி திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கதவு. நடைபாதை என்று ஒரு அடி கூட வீணாகாது.

வரைபடத்தைக் காட்டினேன். மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள். "நல்லாருக்குத்தா" என்று மாமா தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சொன்னார். சரி, இது ஆகாது என்று, வீட்டிலிருந்த காலித் தீப்பெட்டிகளை எடுத்தேன். மாமா இருக்கும் வீட்டில் தீப்பெட்டிக்குப் பஞ்சமா? முன்பக்கம் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். பின்பக்கத்துக்கு அடியில் பாதிப் பெட்டியை வெட்டி வைத்து, அதன்மேல் இரண்டை ஒட்டினேன். நடுவில் அச்சகத்துக் கழிவு அட்டையை மடித்துப் படிக்கட்டு செய்தேன். கணவர் சட்டென்று சிரித்துவிட்டார். "இப்பப் புரியுது. ஏணியில பெட்டி பெட்டியாத் தொங்க விட்டுருக்க" என்றார்.

அத்தைக்கும் புரிந்துவிட்டது. புரிந்ததுதான் பிரச்சினை.

"மாடியா? மாடின்னா வத்தல் காயப்போட ஏறலாம். குடியிருக்க முடியுமாத்தா?"

"மாடி இல்ல அத்தே, அரை அரையாத்தான் ஏறுது. ஏறுறதே தெரியாது."

"ஏறுறது தெரியாது. எறங்குறது தெரியும்ல? ஓடணும்னா நான் எங்கிட்டு ஓட?"

இதைக் கேட்டு வேறு யாராவது சிரித்திருப்பார்கள். நான் சிரிக்கவில்லை. பட்டாசுக் கம்பெனியில் மாடி என்பதே கிடையாது. எந்த அறையில் வேலையோ அந்த அறையின் கதவுகள் எந்தெந்தப் பக்கம் என்பதுதான் அங்கே முதல் பாடம். சத்தம் கேட்டால் யோசிக்காமல் ஓட வேண்டும். அத்தை ஒரு முறை அப்படி ஓடியிருக்கிறார். அன்று ஒரு அறையின் கூரை மட்டும் போனது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் செருப்பை விட்டுவிட்டுச் சோளக்காட்டுக்குள் ஓடி, வேன் டிரைவர் வந்து கூப்பிடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். அந்த ஓட்டம் அவர் காலில் இன்னும் இருந்தது.

"கீழ முன்னறை உங்களுக்கு அத்தே. ஒரு கதவு தெருவுக்கு, ஒரு கதவு படிக்கு. நீங்க மேல ஏறவே வேண்டாம்" என்றேன். பிளானில் அந்த அறைக்குள் 'அத்தை அறை' என்று எழுதியும் காட்டினேன். அவர் பேனாக் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். ஆனால் மற்றவர்கள் மேலே படுத்திருப்பார்களே என்ற கவலை அவர் முகத்தில் போகவில்லை. மேலேயிருந்தும் வெளியேற இன்னொரு வழி வேண்டும் என்று எனக்கும் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் அச்சகத்தின் தகரக் கூரை. அதில் கால் வைக்க முடியாது. மறுபக்கம் பாய் வீடு. உயரமான கூரை போட்ட பழைய இரண்டு மாடி வீடு. அளந்து பார்த்தேன். எங்கள் மொட்டை மாடியும் அவர்கள் மொட்டை மாடியும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் வந்தன.

இதைப் பேசப் போவதற்குள் பாயின் மனைவியே என்னைத் தேடி வந்துவிட்டார். என் அம்மாவைவிடச் சின்னவர், என்னைவிட நல்ல மூத்தவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வாடகை வீட்டு வாசலில் நின்றபடியே பேசினார்.

"வீடு கட்டப் போறீகளாமே, சந்தோசம். ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன் தாயி. எங்க வீட்டு முத்தத்தப் பாத்துச் சன்னல் வச்சுராத. தலையில துணி இல்லாம நாங்க பாட்டுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் திரியுற எடம்."

"வைக்க மாட்டேன்க்கா. ஒரு சன்னல் கூட வைக்க மாட்டேன். ஆனா நானும் ஒண்ணு கேப்பேன்."

"கேளு."

"மொட்டை மாடியில உங்க கைப்பிடிச் சுவருக்கும் எங்க சுவருக்கும் நடுவுல ஒரு சின்னக் கதவு வச்சுக்கலாமா? ஏதாச்சும் ஆபத்துன்னா மேல இருக்குறவுக உங்க வீட்டுப் படி வழியா எறங்கிருவோம். உங்களுக்கு ஒண்ணுன்னா நீங்க எங்க வழியா எறங்கலாம்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "சன்னல் வேண்டாம்னு சொல்ல வந்தா நீ கதவே கேக்கியே!"

வீட்டில் பேசிச் சொல்கிறேன் என்று போனவர் மறுநாளே ஆள் அனுப்பினார். பாய் சம்மதித்துவிட்டார். தாழ்ப்பாள் யார் பக்கம் வைப்பது என்று மட்டும் கேட்டார். இரண்டு பக்கமும் வைத்தால் அவசரத்துக்கு உதவாது, ஒரு பக்கம் வைத்தால் மற்றவருக்கு உதவாது. "தாப்பாளே வேண்டாம், ரெண்டு பக்கமிருந்தும் தூக்குற மாதிரிக் கொக்கி போதும்" என்று அக்காதான் தீர்ப்புச் சொன்னார்.

பக்கச் சன்னல் இல்லையென்றால் வெளிச்சம்? இரண்டு படி வரிசைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டேன். உச்சியில் அதற்கு நேர் மேலே கண்ணாடி போட்டு, சுற்றிலும் காற்றுப் போக ஓட்டைக் கல் வைத்தேன். மேலே விழும் வெளிச்சம் அந்த ஒரு முழத்தின் வழியே தரை வரைக்கும் இறங்கும். எங்கள் ஆபீஸ் இன்ஜினியர் தூணுக்கும் பீமுக்கும் கணக்குப் பார்த்துக் கொடுத்தார். கரிசல் மண், மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அதனால் அஸ்திவாரம் ஆழமாகப் போனது. தூணும் பீமும் பாரத்தைச் சுமந்துகொண்டதால் சுவர்களை நாலரை அங்குலத்தில் எழுப்ப முடிந்தது. உள்ளே ஒவ்வொரு அங்குலமும் எனக்குத் தங்கம்.

கொத்தனாருக்கு மட்டும் என்மேல் கடைசிவரை சந்தேகம் தீரவில்லை. பின்பக்கக் கான்கிரீட் போடும் அன்று மட்டக் குழாயை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, முன்னாடி ஒரு மட்டம், பின்னாடி ஒரு மட்டம். பாக்குறவன் நான் அளவு தெரியாம கட்டிட்டேன்னுல்ல சொல்லுவான்?"

"கட்டி முடிங்க. அப்புறம் எவன் சொல்லுதான்னு பாப்போம்."

"நடுவுல ஒரு முழம் சும்மா விடுதீக. பத்தடியில ஒரு முழம்! அதுல ஒரு அலமாரி வைக்கலாம்லா?"

"அந்த ஒரு முழம் இல்லேன்னா மத்த இடத்துல விளக்குப் போட்டுத்தான் அலமாரிய தேடணும் அண்ணாச்சி."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். ஆனால் ஒரு நூல் பிசகாமல் கட்டினார். மேல்கண்ணாடி போடுவதற்கு முன்பே, நடுப்பகலில் வெயில் அந்த இடைவெளி வழியாக இறங்கி, கீழே கிடந்த மணல் குவியலில் ஒரு பட்டையாக விழுந்தது. சித்தாள் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டு படிக்கட்டில் ஆளுக்கொரு படியாக உட்கார்ந்தார்கள். மேலே இருந்தவள் கீழே இருந்தவளுக்கு ஊறுகாய் நீட்டினாள். இங்கே ஆட்கள் உட்காருவார்கள் என்று நான் நினைத்து வரையவில்லை. அன்றுதான் எனக்கே அது தெரிந்தது.

தெருவில் அதற்குள் பெயர் வைத்துவிட்டார்கள். மனை ஒடுங்கியது, வீடு உயர்ந்தது. அதனால் 'நிமித்தி வச்ச தீப்பெட்டி'. கொஞ்ச நாளில் அது சுருங்கி 'தீப்பெட்டி வீடு' ஆனது. கணவருக்குக் கோபம். மாமாவுக்கு ஒரே பெருமை. "நான் அம்புட்டு வருசம் செஞ்ச தொழிலுக்கு ஒரு மரியாத" என்று யார் வந்தாலும் சொன்னார்.

தை மாதத்தில் பால் காய்ச்சினோம். சொந்தக்காரர்கள் வந்தார்கள், அத்தையின் கம்பெனியிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்தார்கள். எத்தனை பேரை எங்கே உட்கார வைப்பது? முன்னறை உடனே நிரம்பிவிட்டது. அடுப்படியில் பாலும் கேசரியும் தயாராகிக்கொண்டிருந்தன. மிச்சப் பேர் தாங்களாகவே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். கீழ்ப்படியிலிருந்து உச்சி வரைக்கும் படிக்கொருத்தராக மாலை கோத்த மாதிரி ஆட்கள். கணவர் வடைத் தட்டோடு மேலே ஏறிக்கொண்டே பரிமாறினார். மாமா சட்னியோடு இறங்கிக்கொண்டே பரிமாறினார். நடுவில் இருவரும் முட்டிக்கொண்டார்கள். மேலே யாரோ சொன்ன பேச்சுக்குக் கீழே சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் எங்கே பேசினாலும் எங்கேயும் கேட்கும் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

அத்தை மட்டும் அடுப்படி வரைக்கும் ஏறினார், முன்னறைக்கு இறங்கினார். அதற்கு மேல் ஒரு படி கூட ஏறவில்லை. கூட வேலை பார்க்கும் பெண்கள் மொட்டை மாடி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மதினி, மேல வந்து பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். "எல்லாம் இங்கனயே இருக்கு. மேல என்னத்தப் பாக்க?" என்று கையை உதறிவிட்டார்.

அவரை மேலே ஏற்றியது அவருடைய பீரோ.

அது அத்தையின் கல்யாணத்துக்கு வந்த இரும்பு பீரோ. கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்தது. நான் அதை முன்னறையில் வைக்கத்தான் இடம் விட்டிருந்தேன். அத்தையோ, "பீரோன்னா கன்னி மூலையிலதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். கன்னி மூலை என்றால் தென்மேற்கு. முன்னறையின் தென்மேற்கில் வாசல் கதவு இருந்தது. நடு அறையின் அந்த மூலையில் கட்டில், பின்னறையில் படிக் கதவு. பாக்கி இருந்தது உச்சியில் உள்ள முன்பக்க அறைதான். விருந்தாளி வந்தால் படுக்கட்டும் என்று விட்டிருந்த சின்ன அறை. "அங்கனயே வைங்க. வேணுங்கிறப்ப சேலைய நீ எடுத்துத் தா" என்றார் என்னிடம்.

பீரோ படிக்கட்டில் முதல் திருப்பம் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் திரும்ப மறுத்துவிட்டது. சாய்த்துப் பார்த்தார்கள், படுக்க வைத்துப் பார்த்தார்கள். அப்போது பாய்தான் தன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன் படியில மல்லுக்கு நிக்கீக? பேப்பர் கட்டு ஏத்துற கப்பியும் கயிறும் நம்மகிட்ட இருக்குல்லா, வெளிப்பக்கமாத் தூக்கிருவோம்" என்றார். உச்சி அறைக்குத் தெருவைப் பார்த்து ஒரு கதவும் இன்னும் கைப்பிடி வைக்காத சின்ன பால்கனியும் இருந்தன. பாயின் குடோன் ஆட்கள் கூரையில் கப்பியைக் கட்டினார்கள். அச்சகத்தில் மிஷினை நிறுத்திவிட்டு ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள். கோணிச்சாக்கைச் சுற்றிக் கயிறு போட்டார்கள். கண்ணாடியை மூட மட்டும் சாக்கு பத்தவில்லை.

"ஏலே, மெதுவா! மெதுவாலே!"

பீரோ எழும்பியது. சாயங்கால வெயில் நேராகக் கண்ணாடியில் விழ, அது சுழலச் சுழல ஒரு பெரிய வெளிச்ச வட்டம் எதிர்வரிசை வீடுகள்மீது ஓடியது. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். கண்ணாடிக்குள் தெரு முழுவதும் தெரிந்தது. அண்ணாந்து பார்க்கும் முகங்கள், சைக்கிள்கள், அச்சகத்து மை படிந்த பனியன்கள், எல்லாம் சாய்ந்து சாய்ந்து மேலே போயின. அத்தை தெருவின் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஏலே, சுவத்துல முட்டுதுடா! வலது பக்கம் இழு! வலதுன்னா உனக்கு எது?"

மேலே இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பீரோவின் ஒரு கால் பால்கனி விளிம்பில் மாட்டிக்கொண்டது. உள்ளே இருந்தவன் கண்ணாடிப் பக்கமாகப் பிடித்து இழுக்கப் போனான். "கண்ணாடியப் புடிக்காதலே!" என்று அத்தை அலறினார். அடுத்த நொடி அவரைத் தெருவில் காணோம். நான் பின்னாலேயே ஓடினேன். சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுப்படி, நடு அறை, பின்னறை என்று ஒவ்வொன்றாகத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வசவு. நான் உச்சி அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு குடோன் ஆட்களை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தானே பீரோவின் தோளைப் பிடித்து நின்றார்.

"இப்பத் தூக்குங்க. அம்புட்டுத்தான். மெதுவா விடுங்க."

பீரோ கன்னி மூலையில் போய் நின்றது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. அத்தை முந்தானையால் அதைத் துடைத்தார். ஆட்கள் கயிற்றை அவிழ்க்க மொட்டை மாடிக்கு ஏறினார்கள். கயிற்றால் புதுச் சுவரில் எங்காவது காரை பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்க, அந்தக் கோபம் தணியாமலே, அத்தையும் அந்தக் கடைசிப் படிகளில் ஏறினார்.

மேலே போனதும் நின்றுவிட்டார். எங்கே நிற்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருந்தது. என் தோளை இறுகப் பிடித்தார். நான், "பயப்படாதீங்க அத்தே, அந்தா கதவு" என்று பாய் வீட்டுப் பக்கம் இருந்த சின்னக் கதவைக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து அதன் கொக்கியைத் தூக்கிவிட்டு அக்கா இந்தப் பக்கம் வந்தார், கையில் தேத்தண்ணீர்ச் செம்போடு. "வாங்க மதினி, ஒரு வழியா ஏறிட்டீகளே" என்றார்.

தை மாதக் காற்று வடக்கே இருந்து நேராக வந்து அத்தையின் முந்தானையைப் படபடவென்று அடித்தது. எங்கள் வாடகை வீட்டில் காற்று என்றால் விசிறிதான். அவர் மெல்ல என் தோளை விட்டுவிட்டு கைப்பிடிச் சுவரைப் பிடித்தார். தகரக் கூரைகள், தென்னை உச்சிகள், அதற்கப்பால் பொட்டல். ஆனைக்குட்டம் பக்கம், மழை பெய்து நிறைந்திருந்த அணைத் தண்ணீர் வெயிலில் ஒரு வெள்ளிக் கோடாக மின்னியது.

"அது என்னத்தா, தண்ணியா?"

"ஆனைக்குட்டம் டேம் அத்தே."

"அங்கன இருக்குறது இங்கன தெரியுதா?" பிறகு என்னைப் பார்த்து, "காத்து எம்புட்டு வருது! ஏத்தா, இத எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கோபித்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா சிரித்தார். கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஆட்களும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்துவிட்டு, செம்பை வாங்கி நின்றபடியே தேத்தண்ணீர் குடித்தார்.

அந்த வாரத்துக்குள் அவருடைய படுக்கைப் பாய், தலையணை, வெற்றிலைப் பெட்டி எல்லாம் உச்சி அறைக்குப் போய்விட்டன. நான் அவருக்கென்று ஆபீசில் உட்கார்ந்து கோடு கோடாக யோசித்து வரைந்த கீழ் அறையை மாமா பிடித்துக்கொண்டார். தெருவில் போகிற ஒருத்தரையும் விடாமல் கூப்பிட்டு வைத்துப் பேசினார். பகல் முழுக்க அங்கே கச்சேரிதான். மாமா இன்னொன்றும் செய்தார். படிக்கட்டு நடுவில் நான் வெளிச்சத்துக்கு விட்ட ஒரு முழ இடைவெளியில் ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, அதில் நார்க்கூடை கட்டினார். அடுப்படியிலிருந்து காபி மேலே போனது. மேலேயிருந்து காய்ந்த வத்தல் கீழே வந்தது. அத்தைக்குக் கோபம் வந்தால் காலி டம்ளர் வேகமாக இறங்கும். அதை வைத்தே நிலவரம் தெரிந்துகொள்வோம்.

தீபாவளிக்கு முன்னால் சீசன் மும்முரம். அத்தை விடியலில் வேனுக்குப் போய் இருட்டித் திரும்பினார். ஆர்டர் முடிந்து கம்பெனி லீவு விட்டதும் இரண்டு நாள் உச்சி அறையில் தூங்கியே கழித்தார். தீபாவளியன்று பொழுது சாய்ந்ததும் நாங்கள் எல்லாரும் மொட்டை மாடிக்குப் போனோம். கொக்கியைத் தூக்கிவிட்டு பாய் வீட்டிலிருந்தும் எல்லாரும் வந்துவிட்டார்கள். சுற்றிலும் எல்லாத் தெருக்களிலிருந்தும் வானத்துக்கு வெடி ஏறியது. இத்தனை வருடமும் அத்தை தீபாவளியைத் தெருவில் நின்று கழுத்தை ஒடித்துப் பார்த்தவர். இப்போது அவை அவர் கண்ணுக்கு நேராக வந்து விரிந்தன.

"அந்தா, பச்ச விழுதுல்ல, அது எங்க கம்பெனி சரக்கு."

"எப்படி மதினி சொல்லுதீக?" என்றார் அக்கா.

"பச்ச மங்குறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளப் பொறி தட்டும். பாருங்க... இந்தா! தட்டுச்சா?"

தட்டியது. பாய் வீட்டுப் பெண்பிள்ளைகள் கைதட்டினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு வெடிக்கும் அத்தையைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார்கள். தெரிந்ததற்குத் தெரியும் என்றார், தெரியாததற்கும் தெரியும் என்றார். யாருக்கும் வித்தியாசம் தெரியாததால் நன்றாகவே ஓடியது. நான் அப்போது மாசமாக இருந்தேன். கணவர் என்னைப் புகை படாத மூலையாகப் பார்த்து உட்காரவைத்திருந்தார். அங்கிருந்து எனக்கு வானம் தெரிந்ததைவிட, அண்ணாந்து சிரிக்கும் இந்த முகங்கள்தான் அதிகம் தெரிந்தன. இவ்வளவு பேர் ஒரு சந்துக்கு மேலே நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளி முடிந்ததும் வீடு பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது ஒரு பஸ் கண்டக்டரும் அவர் மனைவியும். அவர்களுக்கும் சாத்தூர் ரோட்டில் இதேபோல ஒரு ஒடுங்கிய மனை. நான் ஆபீசில் இருந்தேன். சுற்றிக் காட்டியது அத்தை. நான் திரும்பி வந்தபோது அந்தப் பெண் உச்சி அறையில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"கீழ் ரூம்ப எடுத்துக்காதீக. புளுக்கம்" என்று அத்தை அவருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். "மேலதான் நல்லாருக்கும். பக்கத்து வீட்டுக்காரவுகட்ட கேட்டு ஒரு கதவு மட்டும் போட்டுக்கங்க. வேற ஒண்ணும் பயமில்ல."

அவர்களுக்கு வரைந்ததுதான் என் பெயரில் நான் வரைந்த முதல் வீடு. அதன்பின் அந்த வட்டாரத்தில் சந்துகளில் ஏறிய வீடுகள் பலவற்றை வரைந்தேன். ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன். எந்த அறைக்குள்ளும் இன்னாருடைய அறை என்று எழுதுவதில்லை. 'அறை' என்று மட்டும் எழுதிவிடுவேன். யார் எங்கே போய் உட்காருவார்கள் என்பதை வீடு எழும்பிய பிறகு அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.

மகள் பிறந்தாள். மற்றப் பிள்ளைகள் தவழ்ந்து, நின்று, நடந்து, பிறகு படி ஏறும். இவளுக்கு வீட்டில் நடக்க நீளமே இல்லை, படிதான் இருந்தது. ஒரு நாள் அடுப்படியில் நான் மாவாட்டிக்கொண்டிருந்தேன். கீழிருந்து மாமா கத்தினார். "ஏத்தா, ஓடிவா! பிள்ள ஏறுது!" எட்டிப் பார்த்தால், இன்னும் ஒழுங்காக நிற்கக்கூடத் தெரியாதவள், இரண்டு கையையும் மேல்படியில் ஊன்றி, ஒரு முழங்காலைத் தூக்கி வைத்து, புட்டத்தை ஆட்டி ஆட்டி ஏறிக்கொண்டிருந்தாள். மாமா அவளுக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தொடாமல், படிக்குப் படி கூடவே வந்தார். மேலே அடுத்த திருப்பத்தில் அத்தை குத்தவைத்து உட்கார்ந்து, "வாடா ராசாத்தி, வாடா" என்று கையை நீட்டினார். நான் மாவுக்கையோடு சுவரோரம் ஒதுங்கி வழி விட்டேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி அடுத்த படியில் கை வைத்தாள்.